மூன்று கதைப் புத்தகங்களும் ஒரு பிடி உப்பும்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் செல்பவர்கள் மரக்காணத்தை நெருங்கும்போது ஒரு காட்சியைக் காண்பார்கள். சாலையோரத்தில் பாத்தி பாத்தியாக நீர் நிற்கும். வரப்புகளின்மேல் வெள்ளைக் குவியல்கள் வரிசையாக இருக்கும். இவையே மரக்காணம் உப்பளங்கள்.

மாணவ நண்பர்களே! இந்த உப்பளத்துக்கும் விண்வெளிக் கதைகளுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த மூன்று விண்வெளிக் கதைகளை இங்கே அறிமுகப்படுத்தப் போகிறேன். மூன்றும் 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை ஒட்டி எழுதப்பட்டவை. இவற்றில் எவ்வளவு அறிவியல், எவ்வளவு கற்பனை என்று சோதிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டியதில்லை. மரக்காணத்து உப்புப் பாத்தி ஒன்றும், ஒரு பென்சிலும் போதும்.

திரையிலிருந்து தாளுக்கு

'ஸ்டார் ட்ரெக்' அமெரிக்காவில் 1966 செப்டம்பர் 8 அன்று தொடங்கி, 1969 வரை 79 பகுதிகளாக ஒளிபரப்பானது. பார்த்த நிகழ்ச்சியை விரும்பிய நேரத்தில் மறுபடியும் பார்க்கும் வசதி அன்று வீடுகளில் கிடையாது. மறு ஒளிபரப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் குறையைத் தீர்க்க வந்தவையே தொடர்சார் நாவல்கள். தொலைக்காட்சிக் கதையை எழுத்தில் தருவது ஒரு வகை. அதே கதைமாந்தரை வைத்துப் புதுக் கதை சொல்வது மற்றொரு வகை.

இங்கிலாந்தின் 'டாக்டர் ஹூ' தொடருக்கும் இவ்வாறே நூல்கள் வந்தன. டெரன்ஸ் டிக்ஸ் என்ற எழுத்தாளர் ஒருவரே அறுபதுக்கும் மேற்பட்டவற்றை எழுதினார். அத்தொடரின் 1960-களைச் சேர்ந்த ஒளிநாடாக்கள் பலவற்றைப் பி.பி.சி. நிறுவனம் அழித்துவிட்டது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகளின் படம் இன்றும் கிடைக்கவில்லை. அந்தக் கதைகளை அறிய விரும்புவோருக்கு இத்தகைய நூல்கள் பெரிய துணை.

இந்நூல்களுக்கு வேறொரு பயனும் உண்டு. திரையில் ஒரு கருவி பளிச்சென்று ஒளிர்ந்தால் போதும், பார்ப்பவர் நம்பிவிடுவார். தாளில் அது நடக்காது. வாசகன் நிறுத்திப் படிப்பான், "அது எப்படி?" என்று கேட்பான். எழுத்தாளர் விடை சொல்லியாக வேண்டும். நல்ல எழுத்தாளர் கையாளும் முறை இதுதான்: ஒரே ஒரு கற்பனையை நம்மிடம் கடனாகக் கேட்பார், மற்றவற்றையெல்லாம் இயற்கை விதிப்படி நடத்துவார். நாமும் அந்த ஒன்றை விட்டுக்கொடுத்துவிட்டு, மற்றதை அளந்து பார்க்கலாம்.

முதல் கதை: உப்பைத் தேடிய விலங்கு

'ஸ்டார் ட்ரெக்' முதன்முதலில் ஒளிபரப்பிய கதையே உப்பைப் பற்றியது. திரைக்கதையை எழுதியவர் ஜார்ஜ் கிளேட்டன் ஜான்சன். அதை நூல் வடிவில் தந்தவர் ஜேம்ஸ் பிளிஷ். விலங்கியலும் நுண்ணுயிரியலும் கற்ற இவர், 1967-ல் வெளிவந்த தம் முதல் தொகுதியில் இக்கதைக்கு 'தி அன்ரியல் மெக்காய்' என்று பெயரிட்டார்.

தொலைதூரக் கோள் ஒன்றில் பழம்பொருள் ஆய்வாளர் ஒருவர் தம் மனைவியுடன் வாழ்கிறார். அவரைக் காண விண்கலம் ஒன்று வருகிறது. ஆய்வாளர் கேட்பது உப்பு மாத்திரை. வந்தவர்களுக்குக் காரணம் புரிவதற்குள் கலத்தின் ஊழியர்கள் ஒருவர்பின் ஒருவராக இறக்கிறார்கள். உடலில் பெரிய காயம் இல்லை. ஆனால் உடலில் இருந்த உப்பு முழுவதும் உறிஞ்சப்பட்டிருக்கிறது. மனைவியாகத் தோன்றியது உண்மையில் வேற்றுரு எடுக்கும் ஒரு விலங்கு; தன் இனத்தில் மிஞ்சிய கடைசி உயிர். இறுதியில் அது சுட்டுக் கொல்லப்படுகிறது.

உருமாறும் விலங்கு என்பதைக் கடனாகக் கொடுத்துவிடுவோம். இப்போது பென்சிலை எடுங்கள். ஒரு மனிதனைக் கொன்றால் அதற்கு எவ்வளவு உப்புக் கிடைக்கும்?

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் உள்ள சோடியம் ஏறத்தாழ 90 முதல் 100 கிராம். எலும்பில் இருப்பதும் இதில் அடக்கம். இதைச் சமையல் உப்பாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 230 முதல் 250 கிராம் வரும். கடல்நீர் ஒரு கிலோவில் சமையல் உப்பு மட்டும் சுமார் 27 கிராம். ஆகவே ஒரு மனிதனைக் கொன்று பெறும் உப்பு, சுமார் ஒன்பது லிட்டர் கடல்நீரில், அதாவது ஒரு வாளி நீரில் இருக்கிறது! 50 கிலோ மூட்டை ஒன்றில் சுமார் 200 மனிதருக்குச் சமமான உப்பு உண்டு. அந்த விலங்கு மரக்காணத்தில் இறங்கியிருந்தால் எவரையும் தொட்டிருக்காது. ஒரு வரப்போரத்துக் குவியலே அதற்குப் பல ஆண்டு உணவாகியிருக்கும்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு கதையை மறுபடியும் படியுங்கள். முதலில் அது பயங்கரக் கதையாக இருந்தது. இப்போது துயரக் கதையாகத் தெரியும். நாலைந்து மூட்டை உப்பும், சற்றுப் பொறுமையும் இருந்திருந்தால் அத்தனை உயிர்களும், ஓர் இனத்தின் கடைசி உயிரும் பிழைத்திருக்கலாம் அல்லவா?

உப்பு ஏன் உயிர்?

உப்பை இழந்தால் உண்மையிலேயே சாவு வருமா? வரும். நம் நரம்பில் செய்தி ஓடுவது சோடியம் அயனிகள் செல்லுக்குள் பாய்வதால்தான். இதை அளந்து விளக்கிய ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் 1963-ல் நோபல் பரிசு பெற்றனர். சோடியம் இல்லையேல் நரம்பும் தசையும் இதயமும் இயங்கா.

இரத்தத்தின் உப்புச் செறிவுக்கு இணையாக மருத்துவமனைகளில் ஏற்றும் சலைன் நீரில் 100-க்கு 0.9 பங்கு உப்பு உள்ளது. கடல்நீரின் மொத்த உப்பு 100-க்கு 3.5 பங்கு. அதாவது கடல்நீர் நம் இரத்தத்தைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு உப்பானது. நம் சிறுநீரகத்தால் அவ்வளவு செறிவான சிறுநீரை உண்டாக்க முடியாது. கடல்நீரைக் குடித்தால் அந்த உப்பை வெளியேற்ற உடல் தன் சொந்த நீரையே செலவிட நேரும். தாகம் தீராது, கூடும்.

உப்பளத்தில் வேலை செய்வோரை எண்ணிப் பாருங்கள். கோடை வெயில் மேலிருந்து அடிக்கிறது. வெள்ளை உப்பிலிருந்து எதிரொளித்து கீழிருந்தும் அடிக்கிறது. வியர்வை ஒரு லிட்டருக்கு ஒன்று முதல் நான்கு கிராம் வரை உப்பை எடுத்துச் செல்கிறது. சுற்றிலும் உப்பு மலைபோல் குவிந்திருக்க, நடுவில் நிற்கும் மனிதர் உப்பை இழந்து மயங்கி விழக்கூடும். அவருக்கு வேண்டியது நிழல், ஓய்வு, நல்ல தண்ணீர், உணவோடு அளவான உப்பு. இவை இரக்கத்தால் தரும் சலுகைகள் அல்ல, உடலியங்கியலின் கட்டளைகள்.

கதையில் வந்த உப்புறிஞ்சி பூமியிலும் உண்டு. அது காலரா நுண்ணுயிர். அதன் நஞ்சு குடலைத் திறந்துவிட்டதுபோல் ஆக்க, உப்பும் நீரும் வெளியேறுகின்றன. கடும் காலராவில் ஒரே நாளில் பத்து லிட்டருக்கும் மேல் போகலாம். அந்த நஞ்சு உண்டு என்பதை 1959-ல் கல்கத்தாவில் நிறுவியவர் சம்புநாத் தே. அதற்கு மாற்று என்ன? சர்க்கரையும் உப்பும் சேர்ந்தால் இரண்டும் ஒரே வாயில் வழியாகக் குடலின் செல்களுக்குள் நுழைகின்றன, நீர் பின்தொடர்கிறது. இந்த வாயிலைக் காலரா நஞ்சு அடைப்பதில்லை.

1971-ல் வங்கதேசப் போரின்போது எல்லையிலுள்ள பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாயால் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்த இடத்தில், சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. இன்று உலகம் முழுவதும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமாக நாம் அறிவது இதுவே. 2022-ல் மறைந்த அவருக்கு 2023-ல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. கதையில் உப்புறிஞ்சியை வென்றது துப்பாக்கி. பன்காவில் வென்றது ஒரு குவளை உப்புநீர்.

இரண்டாவது கதை: கண்ணாடிக்குள் இருந்து வந்தவன்

1970-ல் அதே ஜேம்ஸ் பிளிஷ், தொலைக்காட்சியில் வராத புதிய கதை ஒன்றை நாவலாக எழுதினார். பெயர் 'ஸ்பாக் மஸ்ட் டை'. ஸ்பாக் என்பவர் விண்கலத்தின் அறிவியல் அதிகாரி. மனிதரை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்பும் பொறி ஒன்றில் கோளாறு நேர்ந்து, ஸ்பாக் இருவராகிவிடுகிறார். யார் அசல், யார் நகல்? உருவமும் நினைவும் ஒன்றே. ஆனால் நகல், அசலின் கண்ணாடிப் பிம்பம். அவன் ஆய்வுக்கூடத்தில் புகுந்து கதவை அடைத்துக்கொள்கிறான். ஏன் தெரியுமா? கலத்தில் உள்ள உணவு அவனுக்கு உதவாது!

இங்கே கடன் கேட்கப்படுவது அந்தப் பொறி மட்டுமே. மற்றது வேதியியல். உங்கள் இடக்கைச் செருப்பு வலக்காலுக்குப் பொருந்துமா என்று கேட்டால் சிரிப்பீர்கள்; ஆனால் இடக்கால் செருப்பு வலக்காலுக்குப் பொருந்தாது என்பதை அறிவீர்கள். மூலக்கூறுகளிலும் சில இப்படி இட வகை, வல வகை என இரண்டாக உள்ளன. 1848-ல் இருபத்தைந்து வயது இளைஞரான லூயி பாஸ்டர், டார்ட்டாரிக் அமில உப்பு ஒன்றின் படிகங்களைப் பெருக்குக் கண்ணாடி வழியே பார்த்தார். ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வகைப் படிகங்கள் கலந்திருந்தன. இடுக்கியால் அவற்றைப் பொறுக்கிப் பிரித்தார். ஒரு வகையின் கரைசல் முனைவாக்கிய ஒளியை ஒரு பக்கம் திருப்பியது. மற்றது எதிர்ப்பக்கம் திருப்பியது.

நம் புரதங்கள் இடவகை அமினோ அமிலங்களால் ஆனவை. நம் நொதிகளும் அவற்றுக்கேற்ப அமைந்தவை. கண்ணாடி மனிதனின் நொதிகள் எதிர்வகை. ஆதலால் நம் பருப்பின் புரதமும் சோற்றின் மாவுச்சத்தும் அவனுக்குச் செரிக்கா.

இப்போது உப்பளத்துக்கு வாருங்கள். பாத்தியிலிருந்து நல்ல உப்புக்கல் ஒன்றை எடுத்து உற்று நோக்குங்கள். அது கன சதுரம். சோடியமும் குளோரினும் மாறி மாறி அடுக்கப்பட்டதால் அந்த வடிவம் வருகிறது. கன சதுரத்தைக் கண்ணாடியில் காட்டினால் மறுபடியும் கன சதுரமே தெரியும். இட, வல வேற்றுமை அதற்கு இல்லை. தண்ணீருக்கும் அப்படியே. ஆகவே கண்ணாடி மனிதன் மரக்காணத்துக்கு வந்தால், நம் தண்ணீரைக் குடிக்கலாம். நம் உப்பைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் எதில் போட்டுக்கொள்வது? சோறும் குழம்பும்தான் அவனுக்கு ஆகாதே!

இதைக் கதைதானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2024 டிசம்பரில் 38 அறிவியலாளர்கள் 'சயின்ஸ்' இதழில் ஓர் எச்சரிக்கை விடுத்தனர். எதிர்வகை மூலக்கூறுகளால் ஆன 'கண்ணாடி பாக்டீரியா'வை மனிதர் உருவாக்கினால், நம் உடலின் நோய்த்தடுப்பு அமைப்பு அதைச் சரியாக இனங்காணாமல் போகலாம். ஆகவே அம்முயற்சியில் இறங்க வேண்டாம் என்பது அதன் சாரம். 1970-ல் ஒரு நாவலாசிரியர் கேட்ட கேள்வி, இன்று ஆய்வுக்கூடத்தின் வாசலில் நிற்கிறது.

மூன்றாவது கதை: கலைவதும் சேர்வதும்

1981-ல் வெளிவந்தது 'தி என்ட்ரோபி எஃபெக்ட்'. ஆசிரியை வொண்டா மெக்கின்டையர் மரபியலில் மேற்படிப்புப் படித்தவர். இந்நூலில் அவர் சுலு என்ற மாலுமிக்கு 'ஹிகாரு' என்று முதற்பெயர் சூட்டினார். 1991-ல் வந்த திரைப்படம் அதையே ஏற்றுக்கொண்டது. நாவல் திரையைத் திருத்திய அரிய நிகழ்ச்சி இது.

கதையில், பிரபஞ்சத்தின் என்ட்ரோபி அளவுமீறி வேகமாக உயர்வதை ஸ்பாக் கண்டுபிடிக்கிறார். இப்படியே போனால் நூறு ஆண்டுகளுக்குள் எல்லாம் முடிந்துவிடும். காரணம், ஒருவர் செய்த காலப் பயணம். காலப் பயணத்தைக் கடனாகக் கொடுத்துவிடுவோம். என்ட்ரோபி என்பது என்ன?

ஒரு பொருளின் துகள்களை எத்தனை வழிகளில் பரப்பி வைக்கலாம் என்பதன் அளவே என்ட்ரோபி. கல்லுப்பில் அயனிகளுக்கு அவரவர் இடம் உண்டு. நீரில் கரைந்தால் எங்கும் அலையலாம். ஆகவே கரைவது எளிது. ஒரு பிடி உப்பைக் குடத்தில் போட்டால் தானே கரையும். கரைந்த உப்பு தானே திரண்டு உங்கள் கைக்கு வருமா? வராது. வரவழைக்க விலை கொடுக்க வேண்டும். அந்த விலையைக் கணக்கிடுவோம்.

ஒரு கிலோ உப்பு வேண்டுமானால் சுமார் 37 கிலோ கடல்நீரிலிருந்து ஏறக்குறைய 36 லிட்டர் நீரை ஆவியாக்க வேண்டும். ஒரு லிட்டருக்கு 24 லட்சம் ஜூல் வீதம், மொத்தம் சுமார் 8 கோடியே 60 லட்சம் ஜூல். மின்சாரக் கணக்கில் 24 யூனிட்! ஒரு கிலோ உப்பை மின்னடுப்பில் காய்ச்சினால், மின்கட்டணம் உப்பின் விலையை எங்கோ விஞ்சிவிடும். மரக்காணத்தில் இந்த 24 யூனிட்டையும் சூரியன் இலவசமாகத் தருகிறது.

நீர் ஆவியாகச் செறிவு ஏறுகிறது. இதை மிதவைமானியில் பாமே என்ற அளவில் பார்ப்பார்கள். கடல்நீர் சுமார் மூன்றரை டிகிரி. பதினைந்தை ஒட்டி ஜிப்சம் படியத் தொடங்கும். இருபத்தைந்தைத் தாண்டினால் உப்பு விளையும். முப்பதை நெருங்கும்போது எஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றிவிட வேண்டும். இல்லையேல் மெக்னீசிய உப்புகள் கலந்து உப்பு கசக்கும். பாத்தியில் ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்று கொண்டால், ஒரு சதுர மீட்டரில் ஒரு கிலோ உப்பு விளைய ஒரு வாரம் ஆகும். செறிவு ஏற ஏற ஆவியாதல் மெதுவாவதால் உண்மையில் இன்னும் சில நாட்கள் கூடும்.

இங்கே உப்பின் என்ட்ரோபி குறைந்தது அல்லவா? விதி பொய்த்துவிட்டதா? இல்லை. உப்பு ஒழுங்காக அடுங்கியபோது, நீர் ஆவியாகி வானமெங்கும் பரவியது. அந்தப் பக்கம் கூடியது, இந்தப் பக்கம் குறைந்ததைவிட அதிகம். கூட்டிப் பார்த்தால் மொத்தம் உயர்ந்தே இருக்கும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகளில் வேலை நின்றுவிடும். வாராமல் விட்ட உப்பு ஒரு பெருமழையில் கரைந்து போகும். சேர்க்கப் பல நாள், கலைக்க ஒரு மணி நேரம். ஸ்பாக் விண்வெளியில் கண்டு அஞ்சிய விதியை, உப்பளத்தில் உழைப்பவர் ஒவ்வோர் ஐப்பசியிலும் காண்கிறார்.

தமிழில்

தமிழில் இந்தப் பயணம் எதிர்த்திசையில் நடந்தது. சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா' முதலில் 'ஆனந்த விகடன்' இதழில் தொடர்கதையாக வந்தது. பின்னர் தூர்தர்ஷனில் தொடராயிற்று. 'மீண்டும் ஜீனோ' என்ற இரண்டாம் கதையும் உண்டு. 1980-களில் எழுதப்பட்ட இக்கதை 2020-களின் தொடக்கத்தில் நடப்பதாக அமைந்தது. சுஜாதா பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கு கொண்டவர். ஜீனோ ஓர் இயந்திர நாய். பேசும், படிக்கும், தானே சிந்திக்கும். கதையின் ஆண்டு வந்து போய்விட்டதால் சோதிப்பது உங்களுக்கு எளிது. எதை ஆசிரியர் கடனாகக் கேட்டார்? எது நடந்துவிட்டது? எது இன்னும் நடக்கவில்லை? ஒரு தாளில் மூன்று பத்தியாக எழுதிப் பாருங்கள்.

செய்து பாருங்கள்

1. வெந்நீரில் இனிக் கரையாது என்னும்வரை உப்பைக் கரைத்து வடிகட்டுங்கள். இரு தட்டுகளில் ஊற்றி, ஒன்றை வெயிலிலும் மற்றொன்றை நிழலிலும் அசையாமல் வையுங்கள். எதில் படிகங்கள் பெரியவை? பெருக்குக் கண்ணாடியில் அவற்றின் வடிவத்தைப் பாருங்கள்.

2. நல்ல முட்டை ஒன்றைக் குடிநீரில் போடுங்கள், மூழ்கும். கரண்டி கரண்டியாக உப்பைக் கரையுங்கள். எத்தனையாவது கரண்டியில் மிதக்கிறது? நீங்கள் செய்தது ஒரு மிதவைமானி.

3. வீட்டிலுள்ள பொருள்களைக் கண்ணாடிமுன் வைத்து, பிம்பத்தோடு முற்றும் ஒத்தவை, ஒவ்வாதவை எனப் பிரியுங்கள். திருகாணி, சங்கு, டம்ளர், கத்தரிக்கோல் ஆகியவற்றை மறக்க வேண்டாம்.

4. ஒருவர் வெயிலில் உழைத்து நான்கு லிட்டர் வியர்வை சிந்துகிறார். லிட்டருக்கு 2 கிராம் உப்பு எனக் கொண்டால், அவர் இழந்தது உடல் உப்பில் எத்தனை விழுக்காடு?

நான்காவது கணக்குக்கு விடை கண்டபின், உப்பளத்தின் வழியே போகும்போது வெள்ளைக் குவியலை மட்டும் பாராதீர்கள். அதை வாரிக் குவித்தவரையும் பாருங்கள்.